ஏரிக்கரைக் கணக்கு

வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே ஜி. எஸ். டி. சாலையின் மருங்கில் அமைந்தது ஊரப்பாக்கம் என்னும் ஊர். பாக்கம் என்ற சொல்லுக்குக் கடற்கரையூர் எனப் பொருள் கூறுவாருளர். இவ்வூரோ கடலினின்று பல மைல் உள்ளே தள்ளியிருப்பது. கிளாம்பாக்கம், மண்ணிவாக்கம் என அண்டையூர்களும் இவ்வாறே பெயர் பெற்றிருத்தலை நோக்குமிடத்து, இங்கே கரையென்றது ஏரிக்கரையைத்தானோ என ஐயுறத் தோன்றுகின்றது. சொல்லாராய்ச்சி வல்லார் அதனை முடிவு செய்க. யாம் கூற வந்தது வேறு.

சென்ற கோடையில் ஒருநாள் மாலை, மாணவர் சிலருடன் அவ்வூர் ஏரிக்கரையில் உலாவிக்கொண்டிருந்தோம். ஒருபுறம் நீர் சுருங்கிக் கிடந்த ஏரி. மறுபுறம், முன்னாளில் நெல் விளைந்திருக்கவேண்டிய தாழ்ந்த நிலத்தில் வரிசை வரிசையாக வீடுகள். அவற்றுள் ஒன்றன் வாயிலில் தண்ணீர் லாரி ஒன்று குழாயை நீட்டிக்கொண்டு நின்றது. அதனைச் சுட்டி மாணவர் ஒருவர், "ஐயா, கீழே வயலே இல்லாத ஏரிக்கு மதகு எதற்கு?" என்று வினவினார். விளையாட்டாகக் கேட்ட வினாவே. ஆயினும் எம்மால் உடனே விடை கூற இயலவில்லை. விடுதிக்குத் திரும்பி, தாளும் எழுதுகோலும் கொண்டு சில கணக்குகளைப் போட்டுப் பார்த்தபின்னரே ஒருவாறு தெளிவு பிறந்தது. அக்கணக்குகளை நம் மாணவத் தோழர்களும் ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலமென்று கருதி இங்கே எழுதுகின்றோம்.

தண்ணீர், மின்சாரம், உணவு என்னும் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்பதனை இக்காலத்து அறிஞர் பெரிதும் வற்புறுத்துகின்றனர். 2011ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் ஜெர்மனியிலுள்ள பான் நகரில் இப்பொருள் பற்றியே ஒரு பெருமாநாடு கூடியது. நீரை இறைக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் உண்டாக்க நீர் வேண்டும். நெல் விளைய இரண்டும் வேண்டும். இதனை அறிய நாம் பான் நகர்வரை செல்லவேண்டுவதில்லை. ஏற்றம் மிதித்த குடியானவனுக்கு இது தெரியும். ஆயினும், இன்று நீருக்கு ஓர் இலாகா, மின்சாரத்திற்கு ஓர் இலாகா, வேளாண்மைக்கு ஓர் இலாகா எனக் கணக்கேடுகள் மூன்றாகப் பிரிந்து கிடத்தலின், ஓர் ஏட்டில் மிச்சமென்று எழுதப்படுவது மற்றோர் ஏட்டில் கடனாக ஏறுவதை எவரும் காண்பதில்லை. ஏரியோ இம்மூன்றையும் ஒரே ஏட்டில் வைத்திருந்தது. எங்ஙனம் எனில் காட்டுவோம்.

செங்கற்பட்டு நாட்டில் பேராறு என்று சொல்லத்தக்கது பாலாறு ஒன்றே. அதுவும் ஆண்டிற் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஆண்டுக்கு 1200 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்யும் நாடெனினும், அதிற் பாதிக்கு மேல் ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய சில நாட்களிலேயே கொட்டிவிடுகின்றது. எனவே, பெய்வதைப் பெய்த இடத்திலேயே மறித்து வைப்பதன்றி இந்நாட்டாருக்கு வேறு வழியில்லை. மெல்லச் சரிந்துசெல்லும் நிலத்தின் குறுக்கே பிறைபோல் வளைந்த மண்கரை ஒன்று. மேட்டு நிலத்து மழைநீரைக் கொணரும் வரத்துக்கால். வயலுக்கு நீர்விடும் மதகு. மிஞ்சியதை வெளியேற்றும் கலங்கல். அக்கலங்கல் நீரே அடுத்த ஏரிக்கு வரத்து. இப்படி ஏரியின்கீழ் ஏரியாகத் தொடுக்கப்பட்ட தொடர்கள் இம்மாவட்டம் முழுவதும் உள்ளன. 2019ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் காஞ்சிபுரத்தினின்றும் பிரிந்து தனியாக அமைந்த செங்கற்பட்டு மாவட்டத்தில், சிற்றேரிகளை நீக்கி, அரசினர் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளவை மட்டுமே 528. இலங்கையின் வறண்ட பகுதியிலும் இத்தகைய குளத்தொடர்கள் உண்டு என்பது அந்நாட்டினின்று நம் கல்லூரிக்கு வந்து பயின்ற அன்பர்கள் அறிந்ததே.

இனி, கணக்கைத் தொடங்குவோம்.

ஏரி நீரைச் சேமிக்கின்றது என்று எல்லாரும் கூறுவர். அஃது உயரத்தையும் சேமிக்கின்றது என்பதே நாம் மறந்த செய்தி. மதகின் அடி, வயலின் மட்டத்திற்குச் சற்றே மேலாக இருத்தலின், கதவைத் திறந்தவுடன் நீர் தானாகவே பாய்கின்றது. மாடும் வேண்டா, மனிதனும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. பௌதிக நூல் பயிலும் மாணவர் இதனை எளிதில் அளந்தறியலாம். ஆயிரம் லிட்டர் நீரைப் பத்து மீட்டர் உயர்த்தச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 98,000 ஜூல். ஒரு யூனிட் மின்சாரமென்பது 36 லட்சம் ஜூல். ஆகவே யூனிட்டில் முப்பத்தேழில் ஒரு பங்கே தேவை எனத் தோன்றும். ஆனால் வயற்காட்டுப் பம்புகள் தாம் உண்ணும் மின்சாரத்திற் பாதியைக்கூட நீராக்கித் தருவதில்லையாதலால், பதினைந்தில் ஒரு பங்கு எனக் கொள்வது பொருந்தும். நீர்மட்டம் அறுபது மீட்டருக்கு, அதாவது இருநூறடிக்கு, இறங்கிவிட்ட ஆழ்குழாய்க் கிணறாயின் அவ்வாயிரம் லிட்டருக்கு யூனிட்டில் ஐந்தில் இரு பங்கு செலவாகும். கடல்நீரை உப்பகற்றி எடுப்பதாயின் மூன்று முதல் நான்கு யூனிட் செலவாகும்.

இவற்றை அரிசியின்மேல் ஏற்றிப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நெல்வயலுக்கு, மழையும் பாய்ச்சலும் சேர்த்து, நான்கடி ஆழ நீர் வேண்டுமென வைத்துக்கொள்க. அஃது ஏறத்தாழ 49 லட்சம் லிட்டராகும். அவ்வேக்கரில் 2400 கிலோ நெல் விளைந்து, குத்தியபின் 1600 கிலோ அரிசி தேறுமாயின், கிலோ அரிசிக்கு மூவாயிரம் லிட்டர் நீர் ஆயிற்று. மண்ணுக்கும் பருவத்திற்கும் ஏற்ப இத்தொகை மாறும். சம்பாவுக்கு ஒருவாறும், மழையற்ற சொர்ணவாரிக்கு வேறுவாறும் இருக்கும். எனினும் கணக்கிற்கு இதனையே கொள்வோம். அந்நீர் முழுவதையும் ஆழ்கிணற்றினின்று இறைத்தால் கிலோ அரிசிக்கு ஒன்றேகால் யூனிட் மின்சாரம். கடலினின்று எடுத்தால் ஒன்பது முதல் பன்னிரண்டு யூனிட். ஏரி மதகினின்று பாய்ச்சினாலோ ஒன்றுமில்லை. கடல்நீரைக் கொண்டு நெல் விளைப்பார் எவருமிலர் என்பது மெய்யே. ஆயினும், ஏரி நீர் என்று நாம் அலட்சியமாகக் கூறும் பொருளின் விலை யாது என்பதனை இவ்வொப்புமை காட்டுகின்றதன்றோ?

இம்மாவட்டத்தின் தலையாய ஏரியாகிய மதுராந்தகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 694 மில்லியன் கன அடி எனவும், நிறைநீர் மட்டம் 23.3 அடி எனவும் பழைய கணக்கு கூறும். வண்டல் சேர்ந்து அது குறைந்ததனால் அண்மையில் தூர்வாரும் வேலை மேற்கொள்ளப்பட்டது. பழைய அளவையே கொண்டால், நிறைந்த மதுராந்தகம் ஏறத்தாழ 1965 கோடி லிட்டர் நீர். மாமல்லபுரத்திற்கு வடக்கே நெம்மேலிக் கடற்கரையில் இரண்டு உப்பகற்றும் நிலையங்கள் இருக்கின்றன. 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டரும், 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது பதினைந்து கோடி லிட்டரும் தரவல்லவை. இரண்டும் முழுத்திறனுடன் ஓய்வின்றி ஓடினால், மதுராந்தகம் ஏரியளவு நீர் தர எழுபத்தொன்பது நாள் ஆகும். அதற்குச் செலவாகும் மின்சாரம் ஏறத்தாழ ஆறு முதல் எட்டுக் கோடி யூனிட். அக்கடற்கரையிலேயே தெற்கே உள்ள கல்பாக்கத்தில் 1984, 1986ஆம் ஆண்டுகளில் மின்சாரம் வழங்கத் தொடங்கிய அணு உலைகள் ஒவ்வொன்றும் 220 மெகாவாட் திறனுக்கு அமைக்கப்பட்டவை. அத்தகைய உலை ஒன்று பதினொரு நாள் முதல் பதினைந்து நாள்வரை இரவும் பகலும் முழுத்திறனில் ஓடினாலன்றி இந்த ஆறு அல்லது எட்டுக் கோடி யூனிட் கிட்டாது. கார்த்திகை மழை ஒரு சில வாரங்களில் ஒரு காசும் கேளாமல் செய்துவைத்துப் போகும் வேலை இது!

இதனைக் கேட்டு, கடல்நீர் நிலையங்கள் வீண் என்று எவரும் முடிவு செய்தலாகாது. ஏரி கோடையில் ஆவியாகி வற்றும். மழை பொய்த்த ஆண்டில் நிறையவே நிறையாது. 2019ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் வற்றிச் சென்னை நகரம் தவித்த காலத்தில், ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியில் தண்ணீர் வந்திறங்கியதனை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இருந்த கடல்நீர் நிலையங்களே பலருக்கு உயிர் காத்தன. ஒரு பெருநகரம் ஏரிகளை மட்டும் நம்பி வாழ்தல் இனி அரிது. எனினும் மருந்து வேறு, அன்றாட உணவு வேறு. உப்பை நீக்கியபின் எஞ்சும் செறிந்த உவர்நீர் மீண்டும் கடலுக்கே செல்லுகின்றது. நெம்மேலிக்கு அண்மையிலுள்ள சூளேரிக்காட்டுக்குப்பத்து மீனவர் தம் கரை அரிக்கப்படுவதைக் குறித்து முறையிட்டு வந்திருக்கின்றனர். மீனும் உணவேயன்றோ? அச்செலவு எந்த இலாகாவின் ஏட்டில் எழுதப்படுகின்றது?

ஏட்டின் பேச்சு வந்தமையால், பழங்காலத்து ஏடு ஒன்றைப் பற்றிச் சிறிது கூறாமல் மேற்செல்ல மனமில்லை. முன்பு செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறைக்காகவே அவற்றை எல்லாரும் எடுத்துக் காட்டுவர். குடத்தினின்று பெயர் எடுக்கப்பட்டது எதற்காக? ஏரி வாரியம் முதலிய வாரியங்களை அமைப்பதற்காக. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருக்கு உறவினராயினாரும் மீண்டும் அவ்விடத்திற்கு வரலாகாது என்பது அவ்வூரார் செய்துகொண்ட கட்டுப்பாடு. ஏரியைக் காப்பது பக்தியாலும் நல்லெண்ணத்தாலும் மட்டும் ஆவதன்று, கணக்கினால் ஆவது என்பதனை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் அறிந்திருந்தனர். (அவ்வாரியங்களில் இடம்பெறத்தக்கவர் யார், தகாதவர் யார் என்பதில் அக்காலத்தார் வகுத்த வேலியை நாம் புகழவேண்டுவதில்லை. நிலமுடையார் வைத்த கணக்கு அது. ஏரியில் மண் சுமந்தவருக்கு அதில் வாக்கு இருந்ததில்லை.)

பிற்காலத்தும் இக்கணக்கு அடியோடு அழியவில்லை. 1767 முதல் 1774வரை பர்னார்டு என்னும் பொறியாளர் செங்கற்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ ஈராயிரம் ஊர்களை அளந்து எழுதிய குறிப்புகளில், களத்து நெல்லைப் பங்கிடுமுன் ஊர்ப் பொதுக் காரியங்களுக்கு எடுத்து வைக்கப்பட்ட பங்குகளில் ஏரிக்குரிய பங்கும் காணப்படுகின்றது. உணவினின்று ஒரு பிடி நீருக்குப் போயிற்று. அந்நீர் அடுத்த ஆண்டின் உணவாயிற்று. 1794 முதல் 1798வரை கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் ஊக்கம் காட்டியவர். மதுராந்தகம் ஏரிகாத்த இராமர் கோயிலில் அவரைப் பற்றி வழங்கும் கதை யாவரும் கேட்டதே. பின்னர்க் களத்துப் பங்கு சர்க்கார் வரியாகிக் கஜானாவிற்குச் சென்றது. வேலை மட்டும் குடிகளின் தலைமேல் நின்றது. வழக்கத்தால் நடந்துவந்ததைச் சட்டத்தால் வற்புறுத்த 1858ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், 1876 முதல் 1878வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தின் பின்னர் 1883ஆம் ஆண்டில் ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒன்றும் வந்தன. நம் காலத்தில் 2017ஆம் ஆண்டை ஒட்டிக் குடிமராமத்து என்ற பழம்பெயர் மீண்டும் வழக்கிற்கு வந்தது. பெயர் திரும்பியது, களத்துப் பங்கு திரும்பவில்லை.

ஏரியைவிட்டுக் குடியானவன் கிணற்றை நாடியதற்கும் காரணம் உண்டு. ஏரி நீர் முறைப்படியே வரும்; கிணறு தன்னுடையது, வேண்டும்பொழுது இறைக்கலாம். மின்சாரப் பம்பு வந்தபின் மாடு விடுதலை பெற்றது. நவரைப் பட்டமும் உறுதியாயிற்று. தமிழ்நாட்டில் 1980களில் சிறு குடியானவருக்கும், 1990ஐ ஒட்டி எல்லாக் குடியானவருக்கும் வேளாண்மைக்கான மின்சாரம் இலவசமாயிற்று. ஏழைக் குடியானவனுக்குக் கைகொடுத்த அவ்வேற்பாட்டைப் பழிப்பது எம் கருத்தன்று. ஆனால் அளவுமானி இல்லாத இடத்தில் கணக்கும் இல்லையாயிற்று. அறுபதடியில் கிடைத்த நீர் இருநூறடிக்கு இறங்கியபொழுது, இறைப்பவனுக்குச் செலவு ஏறவில்லை; மின்சார இலாகாவிற்கு ஏறியது. நகரத்தை அடுத்த ஊர்களிலோ, வயலுக்கு இறைப்பதைவிட லாரிக்கு இறைப்பது ஆதாயமாயிற்று. 2003, 2004ஆம் ஆண்டு வறட்சியில் ஆரணியாறு, கொறத்தலையாற்றுப் பகுதிக் குடியானவரின் கிணற்று நீர் சென்னைக்கென விலைக்கு வாங்கப்பட்டதுண்டு. இத்தகைய பிழை நமக்கே உரியதன்று. சவூதி அரேபியா தன் பாலைநிலத்து அடியில் தொன்றுதொட்டுத் தங்கியிருந்த நீரை இறைத்துக் கோதுமை விளைத்தது, பிறநாட்டிற்கும் அனுப்பியது. பின்னர் நிலத்தடி நீர் ஒடுங்குவது கண்டு, 2016ஆம் ஆண்டிற்குள் அவ்வேளாண்மையை நிறுத்திக்கொள்வதென 2008ஆம் ஆண்டில் முடிவு செய்தது. மண்ணெண்ணெய்ச் செல்வம் மிக்க நாட்டிற்கே இஃது ஆகவில்லையெனில், நமக்கு ஆவது எங்ஙனம்? இப்பொழுது கதிரவன் ஒளியால் இயங்கும் பம்புகள் பரவிவருகின்றன. அவை புகையில்லாதன, நல்லன. எனினும் பகலெல்லாம் செலவின்றி ஓடும் பம்பு, கிணற்றின் அடியை இன்னும் விரைவில் காட்டிவிடும் என்பதனையும் உடன் நினைத்தல் வேண்டும்.

மீண்டும் ஊரப்பாக்கத்திற்கு வருவோம். இப்பகுதி ஏரிகளின் மிகுநீர் ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பக்கமாகச் சென்று அடையாற்றில் கலப்பது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கிய ஒரே பகலிரவில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்று முடிச்சூர் முதலிய இடங்களில் வீடுகளின் முதல் மாடிவரை நீர் ஏறியதையும், மக்கள் படகிலேறி வெளிவந்ததையும் நம் பழைய மாணவர் பலர் நேரிற் கண்டவர். அம்மழையைக் கணக்கிட்டால், ஏக்கருக்கு ஏறத்தாழ இருபது லட்சம் லிட்டர். சதுர மைலுக்கு ஏறத்தாழ 127 கோடி லிட்டர். நெம்மேலியின் இரண்டு நிலையங்களும் ஐந்து நாள் உழைத்துத் தரும் நீரை வானம் ஒரு சதுர மைலில் ஒரே நாளிற் கொட்டியது. அதே ஊர்களில், நான்கு ஆண்டுகள் செல்லுமுன், 2019ஆம் ஆண்டுக் கோடையில், குடங்கள் லாரிக்காகக் காத்து நின்றன. அம்மழையை முழுவதும் பிடித்துவைக்க எவ்வேரியாலும் ஆகாது. ஆனால் வரத்துக்கால் தூர்ந்தும் கலங்கற்போக்கு வீடாகியும் போன தொடரில், வெள்ளத்தையும் காண்கின்றோம், வறட்சியையும் காண்கின்றோம். இடையில் நிற்கவேண்டிய ஏரியைத்தான் காணோம்.

மாணவரின் வினாவிற்கு இப்பொழுது விடை கூறலாம். ஏரியைக் காத்தது அரசனுமல்லன், கலெக்டருமல்லன். அதன் கீழிருந்த ஆயக்கட்டு. மதகு அடைபட்டால் தன் பயிர் வாடும் என்றறிந்தவன் நள்ளிரவிலும் மண்வெட்டியுடன் ஓடினான். வயல்கள் மனைகளானவுடன் ஏரி உடையவரில்லாப் பொருளாயிற்று. உடையவரில்லாப் பொருளில் குப்பை விழுவதும், சாக்கடை கலப்பதும், வேலி நகர்வதும் வியப்பன்று. ஆயினும் ஆயக்கட்டு மெய்யாகவே அழிந்துவிட்டதா? அவ்வீடுகளின் கிணறுகளுக்கும் ஆழ்குழாய்களுக்கும் ஊறுகின்ற நீர் எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும் அவ்வேரியினின்றே. மதகின் வழியே பாய்ந்த நீர் இன்று மண்ணின் வழியே பாய்கின்றது. வயலுக்குப் பதில் வீடுகளே அதன் ஆயக்கட்டு. அவ்வீட்டார் தாம் ஆயக்கட்டுதாரர் என்பதனை அறியாமையே இன்றைய குறை. அவர்கள் லாரிக்குக் கொடுக்கும் பணமும், ஆழ்கிணற்றுப் பம்பிற்குக் கட்டும் மின்சாரக் கட்டணமும் சேர்ந்தே ஏரியைக் காவாததற்கு அவர்கள் செலுத்தும் வரி. அதிற் சிறு பங்கை ஏரிக்கென ஒதுக்கி, வரத்துக்காலையும் கலங்கலையும் காத்து, சாக்கடையை விலக்கி, ஆண்டுதோறும் பொதுவில் கணக்குக் காட்டும் ஒரு வாரியத்தை அவர்களே அமைத்தால் என்ன? இப்பொழுது மண் சுமப்பவருக்கும் வாடகைக் குடியிருப்போருக்கும் அதில் வாக்கு இருத்தல் வேண்டும். வயலே எஞ்சியுள்ள தெற்குப்பகுதி ஊர்களில், மதுராந்தகம், செய்யூர்ப் பக்கங்களில், பழைய ஆயக்கட்டை மனையாகாமற் காப்பதே முதல் வேலை. அங்கே இன்னும் மதகு மதகாகவே இருக்கின்றது.

இதற்கு முதற்படியாக நம் மாணவர் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. மழைமானி ஒன்றும், அடையாளமிட்ட கயிறும் கல்லும் போதும். கல்லூரியிலும் தத்தம் வீட்டருகிலும் உள்ள திறந்த கிணறு ஒன்றைத் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு திங்களும் முதல் நாள் காலையில், எவரும் இறைக்குமுன், கிணற்றின் வாயிலிருந்து நீர்மட்டம்வரை அளந்து எழுதுக. ஏரி நிறைந்த நாளையும் வற்றிய நாளையும் அருகே குறிக்க. அவ்வீட்டின் மின்சாரக் கட்டணச் சீட்டில் உள்ள யூனிட்டையும் அவ்வரிசையிலேயே சேர்த்தெழுதுக. மூன்றும் ஒரே ஏட்டில், ஒரே பக்கத்தில் இருக்கவேண்டும். அளக்கத் தொடங்கத் தகுந்த காலம் புரட்டாசி. மழைக்கு முன்னுள்ள மட்டம் தெரிந்தாலன்றித் தையில் ஏறியது எவ்வளவு என்று கூற இயலாது. கயிற்றின் கணுக்கள் அரையடிக்கு ஒன்றாக இருக்கட்டும். கல் நீரைத் தொடும் ஓசையைக் காதால் கேட்டு நிறுத்துக.